அடங்கிய நீலம்

பெயிண்டரம்மாவுக்கு அழுகை வரவில்லை. புருஷன் போய் மூன்று மாதமாகியும் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள்தான் பாவம். அவளைக் கட்டிப்பிடித்து அழுது, மூக்கைச் சிந்தி, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து, வீட்டுக்காரியே அழாதபோது நாம் அழுவது நன்றாகவா இருக்கிறது என்று கூச்சப்பட்டுக் கிளம்பிப் போனார்கள். அவளுக்கு நெஞ்சு கனக்கவும் இல்லை, வலிக்கவும் இல்லை. பல் பிடுங்கப் போன இடத்தில் மரத்துப்போகிற ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். படு என்றால் படுத்தாள்.

பெயிண்டரம்மா என்பது தெரு வைத்த பெயர். அவள் வரைவது வீடோ மரமோ முகமோ இல்லாத படங்கள், வெறும் நிறங்கள். இதைத் தெருவுக்கு எப்படி விளக்குவது? குடிவந்த புதிதில் எதிர்வீட்டுக்காரர் வந்து, "நீங்க பெயிண்டராமே, எங்க கேட்டுக்கு ரெண்டு கோட்டு அடிச்சுக் குடுப்பீங்களாம்மா?" என்று கேட்டார். வேறொரு ஓவியராக இருந்தால் கதவைச் சாத்தியிருப்பார். இவள் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு பச்சையைக் கலந்து அடித்துக் கொடுத்தாள். அந்தப் பச்சையைப் பார்க்கப் பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒரு படத்தைத் தொடங்கும்போது என்ன வரையப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. அன்றைக்கு எந்த நிறம் அவளோடு முறைத்துக்கொண்டிருக்கிறதோ அதை முதலில் பூசுவாள். அதன் பக்கத்தில் இன்னொன்றைப் பூசுவாள். நிறத்துக்குத் தனியாக ஒரு குணமும் கிடையாது, பக்கத்தில் யார் வந்து உட்காருகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது அவள் கட்சி. சிவப்பின் அருகே பச்சை காட்டுகிற சாம்பல், மஞ்சளின் அருகே போனதும் ஊதா காட்டும். மனிதர்கள் மட்டும் என்ன ஒழுங்கா என்று கேட்பாள். கான்வாஸை நிற்க வைக்காமல் மேசையில் படுக்கப்போட்டு, தட்டைக் கத்தியால் பூசுவாள், சுரண்டுவாள், மறுபடி பூசுவாள். வெளியே தெரிகிற ஒரு படத்துக்கு அடியில் ஏழெட்டுப் படங்கள் செத்துக் கிடக்கும். எங்காவது ஒரு கை அகலத்துக்கு மட்டும் வெள்ளையை விட்டுவைப்பாள். அந்த வெள்ளைதான் நாட்டாமை. மற்ற நிறங்களெல்லாம் அதன் முன்னால் வந்து நின்று கணக்குச் சொல்ல வேண்டும். எந்த நிறமும் எந்த நிறத்துக்கும் அடங்கிப்போகாமல், எதுவும் எதையும் மிதிக்காமல் எல்லாம் தன் காலில் நின்றுவிட்டால், "நின்னுடுச்சு" என்பாள். அதோடு படம் முடிந்தது.

புருஷன் மருந்துத் தொழிற்சாலையில் எடை போடுகிற பிரிவில் இருந்தவர். மனுஷன் வீட்டில் தேநீருக்குச் சர்க்கரை போடுவதுகூடத் தராசில் வைத்தாற்போல இருக்கும். எட்டு வருஷத்துக்கு முன்பு, அவர் ஓய்வு பெற்றபோது, அவளுக்கு வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. அவள் கடையில் விற்கிற குழாய் வண்ணங்களைத் தொட மாட்டாள். பொடியாக வாங்கி, கண்ணாடிப் பலகையில் கொட்டி, ஆளிவிதை எண்ணெய் விட்டு, அடி தட்டையான கண்ணாடிக் குழவியால் தானே அரைத்துக்கொள்வாள். வீங்கிய மணிக்கட்டோடு அது முடியுமா? "தள்ளு, நான் அரைக்கிறேன்" என்று அவர் வந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. காலையில் அவள் வேலையறைக்கு வரும்போது ஜாடிகள் வரிசையாக மூடி போட்டு நிற்கும். படத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார். என்ன கேட்டாலும், "நல்லாருக்கு." அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு காலத்தில் அவர் அவளை விடாமல் நச்சரித்தார். "ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வந்துடலாம்" என்பார். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஓவியரின் கண்ணில் கத்தி வைப்பதா? செய்தால் அவள் பிணத்துக்குத்தான் செய்ய வேண்டும் என்பாள். ஒரு நாள் எண்ணெய்க் கிண்ணமே பறந்தது. அதன் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். தான் ஜெயித்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

இப்போது அவர் இல்லை. மகள் வந்து, "அம்மா, கிளம்பு, கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள். இவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அன்றைக்கு எங்கே கூட்டிப்போயிருந்தாலும் போயிருப்பாள்.

டாக்டர் கருவிக்குள் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவ்வளவு பழுத்த புரையை ரெண்டு கண்ணுலயும் வெச்சுக்கிட்டு எப்படிம்மா படம் வரைஞ்சீங்க?"

"வரைஞ்சேன்" என்றாள்.

முதலில் வலது கண், ஆறு வாரம் கழித்து இடது கண் என்று முடிவானது. வலது கண்ணுக்கு அறுவை முடிந்து, மறுநாள் கட்டைப் பிரித்து, வீட்டுக்கு வந்து படுக்கையறையில் விளக்கைப் போட்டாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"இந்த ரூமுக்கு எப்ப பெயிண்ட் அடிச்சே?" என்று மகளைக் கேட்டாள்.

"நானா? நான் எதுவும் அடிக்கலையே."

"பின்ன ஏன் சுவரெல்லாம் நீலமா இருக்கு?"

மகள் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள். உறையும் தலையணையும் பாதிக்குப் பாதி கையில் நின்றன. "அது... எப்பவும் அப்படித்தாம்மா இருக்கு."

பெயிண்டரம்மா வலது கண்ணைப் பொத்தினாள். சுவர் வெள்ளை. எட்டு வருஷமாக அவள் கண்விழிக்கிற வெள்ளை. இடது கண்ணைப் பொத்தினாள். நல்ல வெயில் நாளின் வானம்போல நீலம். மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தாள். மகள் தலையணையைப் பாதி உறையோடு கட்டிலில் போட்டாள்.

"உக்காரு. நடந்ததைச் சொல்லு" என்றாள் அம்மா.

மகள் சொன்னாள். அப்போது அவள் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா படுக்கையறைக்குச் சுத்தமான வெள்ளை வேண்டும் என்றாளாம், அப்பா தானே அடித்தாராம். அம்மா வந்து பார்த்து, "என்ன இது, பழைய பேப்பர் மாதிரி மஞ்சளடிச்சுப்போய்க் கிடக்கு?" என்றாளாம். அப்பா வெள்ளையில் இரண்டு சொட்டு நீலம் விட்டு மறுபடி அடித்தாராம். "இன்னும் அழுக்காத்தான் இருக்கு." இன்னும் கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை அடித்தாராம். இப்படியே போய், சுவர் வானமான அன்றைக்குத்தான் அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இதான் வெள்ளை! இதை முதல்லயே அடிக்கிறதுக்கென்ன?" என்றாளாம்.

"லீவுக்கு வந்தப்ப நான் கேட்டேம்மா, ஏம்பா நீலம்னு. அப்பா என்னைச் சமையலறைக்கு இழுத்துட்டுப் போயி, அம்மாகிட்ட வெள்ளைன்னே சொல்லுன்னாரு."

"ஏனாம்?"

"கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா அவளுக்குக் கையும் போயிடும்னாரு."

"சரி" என்றாள் பெயிண்டரம்மா. மகள் அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தாள், திட்டுவாள் என்றாவது எதிர்பார்த்தாள். அம்மா எழுந்துபோய்த் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். ருசி ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அது மூன்று மாதமாகவே தெரியவில்லை. நெஞ்சில் ஒன்றும் அசையாவிட்டாலும் தலைக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு வேலையறைக்குப் போனாள்.

அங்கே ஏழு படங்கள் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. இந்த எட்டு வருஷத்தில் அவள் முடித்ததில் தேறியவை. காட்சிக்கூடம் நடத்துகிறவர் பொறுக்கி வைத்தவை. அந்த மனிதர் எந்தப் படத்தின் முன்னால் நின்றாலும் முதலில் "ஆஹா" என்பார் என்பதால் அப்பாவும் மகளும் அவருக்கு ஆஹாக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்த ஏழையும் பார்த்து அவர் மூன்று ஆஹா சொன்னார். "இந்த வயசுல எல்லாரும் நிறத்தை வாரி இறைக்க ஆரம்பிச்சிடுவாங்க. நீங்க பாருங்க, நீலம் பொங்கி வருது, கடைசி நிமிஷத்துல இழுத்துப் பிடிச்சிடுறீங்க. ஆஹா! என்ன ஒரு அடக்கம்!" கண்காட்சிக்கு அடங்கிய நீலம் என்று பெயரும் வைத்துவிட்டார். இன்னும் இரண்டு வாரத்தில் வந்து படங்களை ஏற்றிப் போவதாக ஏற்பாடு.

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, புதுக் கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆஹாக்காரர் சொன்னது பொய்யில்லை. நீலம் அடக்கமாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு உதைத்தது. ஒரு சுவர் முழுக்க வானத்தை அப்பினால்தான் வெள்ளை என்று ஒப்புக்கொண்ட கண் இது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவள் பூசிய நீலம் எப்படி இருந்திருக்க வேண்டும்? ஊரைக் கூட்டியிருக்க வேண்டாமா? இது நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறதே?

இழுத்துப் பிடித்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் இருந்ததெல்லாம் வேறு. கரண்டி கரண்டியாக நீலத்தைப் போட்டும் அது ஏறாது. ஜாடியை வழித்துப் போட்டாலும் ஏறாது. இதற்கு மேல் இந்த நீலத்துக்கு வக்கில்லை என்று அலுத்துப்போய்க் கத்தியைக் கீழே வைப்பாள். அதைத்தான் அந்த மனிதர் அடக்கம் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார். நீலப் பொடி செய்கிற கம்பெனிக்காரனை அவள் எத்தனை தடவை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாள்! "கலப்படம் பண்றானுங்க. முன்ன மாதிரி சத்தே இல்ல." கண்ணாடிப் பலகை முன்னால் உட்கார்ந்து அரைத்துக்கொண்டிருக்கும் புருஷன் தலையை ஆட்டுவார். "ஆமாமா. காலம் கெட்டுப்போச்சு."

அவர் அரைக்கிற மூலைக்குப் போனாள். அவர் போனதிலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை. பொடி டப்பாக்கள் அகர வரிசையில் நின்றன. நீலப் பொடி டப்பாவுக்குப் பின்னால் ஒரு பெரிய டப்பா இருந்தது. திறந்தாள். சாக்பொடி.

முன்பெல்லாம் கான்வாஸுக்கு அடிப்பூச்சு போட சாக்பொடி வாங்குவார்கள். அடிப்பூச்சு போட்ட கான்வாஸே கடையில் கிடைக்க ஆரம்பித்து எத்தனையோ வருஷமாயிற்று. இந்த டப்பாவோ புதுசு. ஆனால் பாதிக்கு மேல் காலி.

அவள் உட்கார்ந்தாள். அவர் கடைசியாக அரைத்து வைத்த ஜாடியிலிருந்து ஒரு பட்டாணி அளவு நீலத்தை எடுத்துக் கண்ணாடிப் பலகையின் ஒரு ஓரத்தில் வைத்தாள். டப்பாவிலிருந்து சுத்தமான பொடியை எடுத்து எண்ணெய் விட்டுத் தானே அரைத்தாள். மணிக்கட்டு வலித்தது. அதிலும் ஒரு பட்டாணி அளவை மறு ஓரத்தில் வைத்தாள். இரண்டிலும் சரிக்குச் சமம் வெள்ளையைக் கலந்து கத்தியால் இழுத்தாள். இவள் அரைத்தது வெள்ளையை விழுங்கிவிட்டு நீலமாகவே நின்றது. அவர் அரைத்தது நீலச் சட்டையை அலசிய தண்ணீர்போல வெளுத்தது. எண்ணெயில் சாக்பொடி கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோகும், நிறத்தின் பலத்தை மட்டும் உறிஞ்சிவிடும். மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரைக்கு மாவு சேர்த்த கை, அளவு தெரிந்து சேர்த்திருக்கிறது. ஜாடிக்கு ஜாடி ஒரு பிசகு இல்லை.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். "இது எனக்குத் தெரியவே தெரியாதும்மா."

"தெரியாதுன்னுதான் நினைச்சேன்."

"அம்மா, அப்பா உனக்கு நல்லதுதானே பண்ணியிருக்கார்? உன் கண்ணு பாட்டுக்கு நீலத்தை அள்ளிக் கொட்டியிருந்தா, பாக்கிறவங்க என்ன சொல்லியிருப்பாங்க? உன் பேரு கெட்டுடக் கூடாதுன்னுதானே..."

"சரி, இருக்கட்டும். அப்ப இந்த ஏழும் யாரு வரைஞ்சது?"

மகள் ஏழு படங்களையும் மறுபடி திரும்பிப் பார்த்தாள். பெயிண்டரம்மாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்தது. வீட்டுக்கு வர வேண்டிய ஆளுக்கு வழி பார்ப்பதுபோல அந்தக் கோபத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் ஆஹாக்காரர் வருவார், ஏழு படங்களையும் ஏற்றுவார், அடியில் அவள் பெயரைப் போட்டு மாட்டுவார். அது அவள் நீலம்தானா என்று தெரியாமல் அவளால் பெயர் கொடுக்க முடியாது. அறுபது வயதில் அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். புருஷனும் போய், நிறமும் தன்னுடையது இல்லை என்றால், அப்புறம் பெயிண்டரம்மா என்று தெருக்காரர்கள் யாரைக் கூப்பிடுகிறார்கள்?

தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. புரை விழுந்த கண் ஒன்று இன்னும் கைவசம் இருக்கிறது. அதையும் சரிசெய்துவிட்டால் அந்த எட்டு வருஷத்துக் கண் போயே போய்விடும்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த மூடியை வலது கண்ணில் வைத்து, பஞ்சை அடைத்து, வெளிச்சம் புகாதபடி ஒட்டினாள். இடது கண்ணோடு மேசைக்கு முன்னால் நின்றாள். சாக்பொடி சேராத நீலம், தன் கையால் அரைத்தது, ஒரு ஜாடி பக்கத்தில் இருந்தது. கான்வாஸைப் படுக்கப்போட்டாள்.

அன்றைக்கு எந்த நிறமும் அவளோடு முறைக்கவில்லை. எல்லா நிறமும் ஒரே மாதிரி சும்மா கிடந்தது. எதில் தொடங்குவது? கைக்கு எட்டியது ஒரு காவி. அதைப் பூசினாள். பக்கத்தில் சாம்பல் வேண்டியிருந்தது. கறுப்பையும் வெள்ளையையும் கலந்தாள், மஞ்சளாகத் தெரிந்தது. நீலத்தைத் தொட்டுக் கலந்தாள். இன்னும் கொஞ்சம். சாம்பலாயிற்று. முன்புபோல ஜாடியை வழிக்க வேண்டியிருக்கவில்லை. கேட்டதும் ஏறியது. அவள் கை ஒரு கணம் நின்றது. "ஏறுதே" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

பத்து நாள் அப்படி வேலை செய்தாள். பூசினாள், சுரண்டினாள், காவியைக் கொன்றாள், மறுபடி பிழைக்க வைத்தாள். மகள் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலிலேயே திரும்பிப் போனாள். உள்ளுக்குள் எதுவும் நடக்காமலே கை தன் போக்கில் வேலை செய்யும் என்பது பெயிண்டரம்மாவுக்கே புதிதாக இருந்தது. நாற்பது வருஷப் பழக்கம், கை யாரையும் கேட்பதில்லை. மேல் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு வெள்ளையை விட்டாள். அந்த வெள்ளை சுத்தமாக வரும்வரை நீலத்தைத் தொட்டுத் தொட்டுச் சேர்த்தாள். மற்ற நிறங்களை அதன் முன்னால் கூப்பிட்டு நிறுத்தினாள். கடைசியில், இடது கண்ணுக்கு, மேசையில் கிடந்தது ஒரு சாதுவான படம். சாம்பலும் காவியும் வெள்ளையும், ஓரமாகக் கொஞ்சம் நீலம். மனசுக்குள் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் நிறங்கள் நின்றுவிட்டன என்று கண்ணுக்குத் தெரிந்தது.

கான்வாஸைத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். மூடியைப் பிய்த்து எடுத்தாள். இடது கண்ணைப் பொத்தினாள்.

ஒரு அடி பின்னால் வைத்தாள். பிறகு கதவு வரைக்கும் போய்விட்டாள்.

நாட்டாமை என்று அவள் விட்டுவைத்திருந்த வெள்ளை, உச்சி வெயில் வானமாக இருந்தது. சாம்பல் என்று நினைத்ததெல்லாம் ஊதாவும் கருநீலமும். ஓரத்தில் கொஞ்சம் என்று நினைத்த நீலம் கண்ணைப் பிடித்து உள்ளே இழுத்தது. அதற்கு நடுவில் காவி, அடிபட்டும் விழாத ஆள்போல நின்றது. அடக்கம் என்பது மருந்துக்கும் இல்லை. முதலில் அவளுக்கு அது பிடிக்கவில்லை. யாரோ வீட்டுக்குள் வந்து கத்துகிற மாதிரி இருந்தது. கதவோரத்தில் நின்றபடி கத்துவதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, கத்துவது அவள்தான். எந்த நிறமும் எதற்கும் அடங்கவில்லை. எதுவும் எதையும் மிதிக்கவில்லை. நாற்பது வருஷமாக எந்தக் கோலால் அளந்தாளோ அந்தக் கோலால் அளந்தால், இது நின்றுவிட்டது. அந்த ஏழில் ஒன்றுகூட இப்படி நிற்கவில்லை. அவை நின்றது யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டதால்.

எட்டு வருஷம். எட்டு வருஷமாக அவளுக்குள் இது இருந்திருக்கிறது. ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு மனுஷன் உட்கார்ந்து அதை அளவாக வெளுக்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இவள் கம்பெனிக்காரனைத் திட்டத் திட்ட, ஆமாமா என்று தலையாட்டிக்கொண்டு.

அந்தத் தலையாட்டல்தான். அது கண் முன்னால் வந்ததும் அடிவயிற்றிலிருந்து என்னவோ கிளம்பியது.

"யாருய்யா உன்னைக் கேட்டது?" என்று கத்தினாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவரை அவள் நீ என்று சொன்னதில்லை. "என் கண்ணு, என் கை, என் நீலம்! கெட்டுப்போனா என் பேருதானே கெட்டுப்போகும்? கெட்டுப்போகட்டுமே! நான் உன்கிட்ட வந்து அழுதேனா, என் பேரைக் காப்பாத்துன்னு? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாது? நீ பாட்டுக்குப் பண்ணிட்டு, நீ பாட்டுக்குப் போயிட்டா, நான் யாருகிட்டய்யா சண்டை போடுறது?"

மகள் ஓடி வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், சுவரில் சாய்ந்திருந்ததைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். "அம்மா, அழுறியா?"

"கோவம்டி எனக்கு!" என்றாள் பெயிண்டரம்மா. கன்னம் நனைந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். அது அவளுடைய கன்னமாகத்தான் இருந்தது.

சொல்லிவைத்தாற்போல அன்றைக்கே ஆஹாக்காரர் வண்டியோடு வந்து சேர்ந்தார். வேலையறைக்குள் நுழைந்தவர் புதுப் படத்தைப் பார்த்து, "ஆ..." என்றார். மீதி வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது... இந்த வரிசைல சேராதேம்மா."

"சேராது" என்றாள் பெயிண்டரம்மா. இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "அந்த ஏழும் அவர் பேருல மாட்டுங்க. இது மட்டும் என் பேருல."

"எவர் பேருல?"

"என் வீட்டுக்காரர் பேருல."

ஆஹாக்காரர் மகளைப் பார்த்தார். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று கேட்கிற பார்வை. "சார் ஒரு நாளும் கத்தியைத் தொட்டதில்லையேம்மா. பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"நீலம் பொங்கி வரும்போது கடைசி நிமிஷத்துல இழுத்துப் பிடிக்கிறேன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? இழுத்துப் பிடிச்சது அவர். நான் இல்ல. அடக்கம் அவரோடது. அதைப் போயி என் பேருல மாட்டினா அது திருட்டு." கொஞ்சம் நிறுத்தினாள். "நல்லாத்தான் பண்ணியிருக்கார். மூணு ஆஹா வாங்கியிருக்கார் இல்ல?"

"ரெண்டு பேரு பேரையும் போட்டா என்ன?"

"வேணாம். எங்க சண்டை இன்னும் தீரலை."

அவர் மேற்கொண்டு வாதாடவில்லை. ஏழு படங்களைச் சுற்றிக் கட்டி ஏற்றும்போதும் அவர் பார்வை எட்டாவதின் பக்கமே போய்ப் போய் வந்தது. காயட்டும், காய்ந்ததும் ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி போன பிறகு மகள் மெதுவாக ஆரம்பித்தாள். "அடுத்த மாசம் இடது கண்ணு ஆபரேஷன்மா. ஞாபகம் இருக்கில்ல?"

"தள்ளிப்போடச் சொல்லு."

"அம்மா! இன்னும் பழுத்துப்போனா எடுக்கிறது கஷ்டம்னு டாக்டர் சொன்னாரே."

"கஷ்டப்பட்டே எடுக்கட்டும். உங்கப்பா எட்டு வருஷம் எடுத்துக்கிட்டார். நான் எட்டு மாசம் கேக்கிறேன்." அவள் வலது கண்ணின் மூடியைத் தேடி எடுத்துத் துடைத்தாள். "இந்தக் கண்ணு என்னென்ன வெச்சிருக்குன்னு நான் இன்னும் பாக்கவே இல்லடி."

மகளுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. ஆனால் மூன்று மாதம் கழித்து இன்றைக்குத்தான் அம்மாவின் குரல் அம்மாவின் குரலாக இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவதற்காக எழுந்து போனாள்.

பெயிண்டரம்மா புருஷன் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடிப் பலகையில் நீலப் பொடியைக் கொட்டி, நடுவில் குழி பறித்து, எண்ணெய் விட்டு, குழவியைப் பிடித்தாள். இரண்டு சுற்று அரைப்பதற்குள் மறுபடி அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை அது கோபம் மட்டுமில்லை. அந்த மனுஷன் இல்லை, இனிமேலும் இல்லை, அவ்வளவுதான். அவள் கையை நிறுத்தவில்லை. எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் வண்ணம் கெட்டுவிடும் என்பதால் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அரைத்தாள்.